கேப்டன் ஃபென்டாஸ்டிக் ஆல்பம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலேயப் பாடகர் எல்டன் ஜானும் அவருக்குப் பாட்டு வரிகள் எழுதும் பெர்னி டாபினும் தங்கள் இளமைக் கதையையே பாட்டாக்கி 1975 மே மாதம் வெளியிட்ட ஆல்பம் ‘கேப்டன் ஃபென்டாஸ்டிக் அண்ட் தி பிரவுன் டர்ட் கவ்பாய்’. அதைப் புதிதாகக் கேட்பவர்கள், பாதி கேட்டவர்கள், பழைய எல்.பி. இசைத்தட்டு வாங்கப் போகிறவர்கள் என்று எல்லாரும் மறுபடி மறுபடி கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். கேள்விகள் கேட்டவர்கள் சொன்னபடியே இருக்கின்றன.

தலைப்பே புரியலை. யார் அந்த கேப்டன், யார் அந்த கவ்பாய்?

கேப்டன் ஃபென்டாஸ்டிக் எல்டன் ஜான். பழுப்பு மண் கவ்பாய் பெர்னி டாபின். எல்டனின் பிறந்த பெயர் ரெஜினால்ட் கென்னத் டுவைட். 1947-இல் லண்டனை ஒட்டிய பின்னர் என்ற புறநகரில் பிறந்தவர்; அப்பா விமானப்படைக்காரர். பெர்னி 1950-இல் லிங்கன்ஷயரில் பிறந்து, வயலும் பண்ணையும் சூழ்ந்த கிராமங்களில் வளர்ந்தவர். அமெரிக்க மேற்குப் பகுதிக் கதைகள்மேல் சிறு வயதிலிருந்தே அவருக்குத் தீராத ஆசை. கவ்பாய் என்ற பட்டம் அங்கிருந்து வந்தது.

முதல் பாட்டே இந்த இருவரையும் அறிமுகம் செய்துவைக்கிறது. ஒருவர் கட்டுப்பாட்டில் வளர்ந்த நகரத்துப் பையன், மற்றவர் இன்னும் பச்சையாக இருக்கும் நாட்டுப்புறத்துப் பையன். பாட்டு அகூஸ்டிக் கிதாரோடு கிராமத்து நடையில் தொடங்கி, பல்லவி வரும்போது மின்கிதாரும் டிரம்ஸும் சேர்ந்து சத்தமாக எழும்புகிறது. இரண்டு ஊர்களும் இசையிலேயே இருக்கின்றன.

எல்டன் ஜான் எப்படிப் பெரிய ஆள் ஆனார்ங்கிற கதையா இது?

இல்லை. பலரும் தவறாக நினைப்பது இதைத்தான். கதை 1967-இல் தொடங்கி, 1969-இல் முதல் ஆல்பமான ‘எம்ப்டி ஸ்கை’ வரும் காலத்தோடு நின்றுவிடுகிறது. 1970 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸின் ட்ரூபடூர் அரங்கில் அவர் ஒரே வாரத்தில் பேசப்பட்டவர் ஆனது இதில் கிடையாது. விமானங்கள், அரங்கங்கள், மின்னும் கண்ணாடிகள், எதுவும் கிடையாது.

இது யாரும் கண்டுகொள்ளாத இரண்டு ஆண்டுகளைப் பற்றிய ஆல்பம். வாடகை, பசி, அடுத்தவருக்காக எழுதிய ஒன்றுக்கும் உதவாத பாட்டுகள், ஊருக்குத் திரும்பிவிடலாமா என்ற எண்ணம். புகழின் உச்சியில் நின்றுகொண்டு தோல்வியைப் பற்றி மட்டுமே ஒரு முழு ஆல்பம் செய்தார்கள் என்பதுதான் இதன் தனிச்சிறப்பு என்று நாங்கள் நினைக்கிறோம்.

ரெண்டு பேரும் எப்படிச் சேர்ந்தாங்க?

1967 ஜூனில் லிபர்ட்டி ரெக்கார்ட்ஸ் நிறுவனம் ‘நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்’ வார இதழில் பாடகர்களும் பாட்டெழுதுகிறவர்களும் தேவை என்று விளம்பரம் கொடுத்தது. புளூசாலஜி என்ற குழுவில் பியானோ வாசித்துக்கொண்டிருந்த 20 வயது ரெஜ் டுவைட் அதைப் பார்த்துப் போனார். மெட்டு வரும், வரிகள் வராது என்றார். லிங்கன்ஷயரில் இருந்த 17 வயது பெர்னியும் அதே விளம்பரத்துக்கு எழுதியிருந்தார். வரிகள் வரும், மெட்டு வராது. நிறுவனத்தில் இருந்த ரே வில்லியம்ஸ், பெர்னியின் வரிகள் இருந்த உறையை ரெஜ் கையில் கொடுத்தார்.

லிபர்ட்டி இருவரில் யாரையும் எடுத்துக்கொள்ளவில்லை. 1967 நவம்பரில் டிக் ஜேம்ஸின் இசை வெளியீட்டு நிறுவனத்தில் சம்பளத்துக்குப் பாட்டெழுதும் வேலையில் சேர்ந்தார்கள். அங்கே கழிந்த காலம்தான் இந்த ஆல்பத்தின் கச்சாப் பொருள். எல்டன் ஜான் என்ற பெயர்கூட அந்த நாட்களில் வந்ததுதான்: புளூசாலஜியின் சாக்ஸபோன்காரர் எல்டன் டீனிடமிருந்து முதல் பாதி, பாடகர் லாங் ஜான் பால்ட்ரியிடமிருந்து மறு பாதி.

வரி யாரு, மெட்டு யாரு? ஒண்ணா உட்கார்ந்துதான் எழுதுவாங்களா?

வரிகள் முழுக்க பெர்னி, மெட்டு முழுக்க எல்டன். சேர்ந்து உட்கார்ந்து எழுதுவதில்லை. நம் சினிமா வழக்கப்படி சொன்னால் இது மெட்டுக்குப் பாட்டு அல்ல, பாட்டுக்கு மெட்டு. பெர்னி எழுதி முடித்த தாளை எல்டன் பியானோவின் மேல் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்வார். சில பாட்டுகள் அரை மணி நேரத்துக்குள் வடிவம் பெற்றுவிடும். உடனே வரவில்லை என்றால் அந்தத் தாளை ஒதுக்கிவைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார்.

இதனால்தான் அவர்களுடைய பாட்டுகளில் அடிகள் சமமாக இருப்பதில்லை. ஒரு வரி நீளும், அடுத்தது சட்டென்று முடியும். மெட்டு அதற்கேற்ப வளைந்து கொடுக்கும். ‘சம்ஒன் சேவ்ட் மை லைஃப் டுநைட்’ பாட்டில் இதைத் தெளிவாகக் கேட்கலாம்.

எல்டனுக்கு நடந்ததை பெர்னி எழுதினா, அது எப்படி சுயசரிதை ஆகும்?

நல்ல கேள்வி. மேலே சொன்னபடி, எல்டன் தன் வாழ்க்கையைப் பற்றிப் பாடும் சொற்களில் ஒன்றுகூட அவருடையது அல்ல. ஆனால் பெர்னி வெளியாள் அல்ல. எல்டனின் அம்மாவும் மாற்றாந்தந்தையும் இருந்த ஃப்ரோம் கோர்ட் வீட்டில் இருவரும் ஒரே அறையில், அடுக்குக் கட்டிலில் படுத்தவர்கள். பார்த்ததைத்தான் எழுதினார்.

எனவே ‘நான்’ என்று வரும் இடத்தில் யார் பேசுகிறார் என்பதைப் பாட்டுக்குப் பாட்டு பார்க்க வேண்டும். ‘டெல் மீ வென் தி விசில் ப்ளோஸ்’ பெர்னியின் ‘நான்’, ஆனால் குரல் எல்டனுடையது. ‘சம்ஒன் சேவ்ட்’ எல்டனின் ‘நான்’, ஆனால் சொல் பெர்னியுடையது. ‘ரைட்டிங்’ பாட்டில் இருவரும் சேர்ந்த ‘நாம்’. ஒருவர் கதையை மற்றவர் சொல்வதால் தற்பெருமையோ சுய இரக்கமோ எட்டிப் பார்ப்பதில்லை.

கப்பல்ல போகும்போது மெட்டு போட்டாங்கன்னு சொல்றாங்களே, உண்மையா?

உண்மை. 1974 கோடையில் எல்டன் சவுத்தாம்ப்டனிலிருந்து நியூயார்க்குக்கு எஸ்.எஸ். ஃபிரான்ஸ் கப்பலில் போனார். வரிகளைக் கையோடு கொண்டுபோய், அந்தப் பயணத்தில் மெட்டுகளை அமைத்தார். அதுவும் ஆல்பத்தில் வரும் வரிசையிலேயே, முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை.

பதிவு நடந்தது அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், நெடர்லேண்ட் ஊரை ஒட்டிய மலைமேல் இருந்த கேரிபூ ராஞ்ச் ஸ்டூடியோவில். தயாரிப்பாளர் கஸ் டட்ஜன். அதே ஆண்டு ஜனவரியில் அதே இடத்தில் பதிவான ‘கேரிபூ’ ஆல்பம், அடுத்த பயணத்துக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில் முடிக்கப்பட்டது. இந்த முறை அவசரம் இல்லை. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் பின்குரல் அடுக்குகளிலேயே வித்தியாசம் தெரிந்துவிடும்.

யார் யார் வாசிச்சிருக்காங்க?

பியானோவும் பாட்டும் எல்டன். கிதார் டேவி ஜான்ஸ்டன், பேஸ் டீ மர்ரி, டிரம்ஸ் நைஜல் ஓல்சன், மற்ற தாள வாத்தியங்கள் ரே கூப்பர். பின்குரலில் ஜான்ஸ்டன், மர்ரி, ஓல்சன் மூவரும். ‘டெல் மீ வென் தி விசில் ப்ளோஸ்’ பாட்டுக்குத் தந்தி வாத்தியக் குழுவை அமைத்தவர் ஜீன் பேஜ். கடைசி இரண்டு பாட்டுகளில் சின்தசைஸர் டேவிட் ஹென்ட்ஷல்.

வரிசைப்படிதான் கேட்கணுமா? பிடிச்ச பாட்டை மட்டும் கேட்டா போதாதா?

முதல் தடவையாவது வரிசைப்படி கேளுங்கள். அறிமுகம் முடிந்ததும் ‘டவர் ஆஃப் பேபல்’ லண்டன் இசை வியாபாரத்தின் அழுக்கைக் காட்டுகிறது. பைபிளின் சோதோமும் காயீனும் ஆபேலும் அந்த விருந்துகளில் நடமாடுகிறார்கள். ‘பிட்டர் ஃபிங்கர்ஸ்’ ஒரு மதுக்கடைப் பாடகர், எனக்கு ஒரு பாட்டு வேண்டும் என்று கேட்பதில் தொடங்குகிறது. பல்லவியில் எழுதுகிறவர்கள் தங்கள் சலிப்பைக் கொட்டுகிறார்கள். சலசலவென்று ஓடும் பியானோ அந்த இடத்தில் கனத்த ராக்காக மாறுவதைக் கவனியுங்கள். அடுத்தது ‘டெல் மீ வென் தி விசில் ப்ளோஸ்’: ஊர் ஏக்கத்தில் ரயில் ஏறும் பெர்னி. அதன் பிறகு முதல் பக்கத்தின் உச்சம், ‘சம்ஒன் சேவ்ட்’.

இரண்டாம் பக்கம் ‘மீல் டிக்கெட்’டில் பசியும் ஆத்திரமுமாக, கிதார் முன்னால் நிற்கத் தொடங்குகிறது. ‘பெட்டர் ஆஃப் டெட்’ இரண்டரை நிமிடத்துச் சின்னப் பாட்டு. இரவெல்லாம் திறந்திருக்கும் கடையின் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய கண்ணாடி வழியே தெரியும் நள்ளிரவுத் தெரு. நடை பழைய ஆங்கில மேடை நாடகப் பாட்டு போல இருக்கும். ‘ரைட்டிங்’ வேலை நாள் ஒன்றின் லேசான பாட்டு: இன்று எழுதியது நாளைக்கும் நன்றாக இருக்குமா என்ற, எழுதுகிற எல்லாருக்கும் தெரிந்த கவலை. அதன் பிறகு இரண்டு பெரிய பாட்டுகள், இடைவெளியில்லாமல் ஒன்றோடு ஒன்று இணைந்து வரும்.

அந்த இணைப்பில்தான் கைபேசியில் கேட்பவர்கள் ஏமாறுகிறார்கள். ஷஃபிள் போட்டிருந்தால் ‘வீ ஆல் ஃபால் இன் லவ் சம்டைம்ஸ்’ பாதியில் அறுந்தது போல முடியும். ஷஃபிளையும், பாட்டு மாறும்போது சத்தத்தைக் குறைத்துக் கலக்கும் கிராஸ்ஃபேட் வசதியையும் அணைத்துவிடுங்கள். இடைவெளியில்லாத ஒலிப்புக்கான கேப்லெஸ் வசதி இருந்தால் இயக்குங்கள்.

‘சம்ஒன் சேவ்ட் மை லைஃப் டுநைட்’ நிஜமா நடந்ததா? ‘சுகர் பேர்’னா யாரு?

நிஜம். 1968-இல் எல்டனுக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது. அந்த உறவில் மூச்சுமுட்டி, அவர் உயிரை விட முயன்றதும் அப்போதுதான். அப்போது எல்டன் இருந்த வீட்டில்தான் பெர்னியும் இருந்தார். திருமணத்துக்குச் சில வாரங்கள் முன்பு, லாங் ஜான் பால்ட்ரி எல்டனை உட்காரவைத்துப் பேசி, இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று புரியவைத்தார். பாட்டில் வரும் ‘சுகர் பேர்’ அந்த பால்ட்ரிதான். எல்டன் தன் பெயரின் ஒரு பாதியை எடுத்துக்கொண்டதும் அவரிடமிருந்துதான் என்று முன்பே பார்த்தோம்.

இந்தப் பாட்டை மரண விருப்பப் பாட்டு என்று சொல்வது பிழை. இது தப்பித்தவனின் பாட்டு. திரும்பத் திரும்ப வரும் அந்தப் பெரிய பின்குரல் அலை, ஒரு கதவு திறந்து காற்று உள்ளே வருவது போல இருக்கிறது. பதிவின்போது டட்ஜன் இன்னும் உயிரோட்டமாகப் பாடும்படி எல்டனை விரட்டிக்கொண்டிருக்க, அவர் எதைப் பற்றிப் பாடுகிறார் தெரியுமா என்று டேவி ஜான்ஸ்டன் எடுத்துச் சொன்ன பிறகுதான் தனக்கு உறைத்தது என்று டட்ஜன் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

இதிலிருந்து ஒரே ஒரு சிங்கிள்தான் வந்துச்சாமே, ஏன்?

ஆமாம், தனிப்பாட்டுத் தட்டாக (சிங்கிள்) வந்தது மேலே சொன்ன ‘சம்ஒன் சேவ்ட்’ மட்டும்தான். மற்றவை கதையின் துண்டுகள். தனியே எடுத்தால் வானொலிக்கு ஏற்ற, கேட்டதும் மனதில் ஒட்டிக்கொள்ளும் துண்டு எதிலும் கிடையாது. இந்தப் பாட்டே 6 நிமிடம் 45 விநாடி. அன்றைய வானொலிப் பாட்டுகள் பெரும்பாலும் 3, 4 நிமிடத்துக்குள் முடிபவை. வெட்டிச் சுருக்க எல்டன் ஒத்துக்கொள்ளவில்லை. முழு நீளத்தில் வெளிவந்தும் அமெரிக்காவில் 4-ஆம் இடம் வரை போனது. பிரிட்டனில் 22-ஆம் இடம்தான்.

‘வீ ஆல் ஃபால் இன் லவ் சம்டைம்ஸ்’ ரெண்டு பேருக்கும் நடுவில இருந்த காதலைச் சொல்லுதா?

நட்பைச் சொல்கிறது. காதல் என்ற சொல்லைத் தவிர வேறு எதுவும் போதாத அளவுக்கு ஆழமான நட்பு. தான் தேடிக்கொண்டிருந்த துணை பெர்னிதான், அதில் உடல் சார்ந்தது எதுவும் இல்லை, இந்தப் பாட்டைப் பாடும்போது அழுகை வரும் என்று எல்டன் பேட்டியில் சொல்லியிருக்கிறார். அண்ணன் தம்பி இல்லாமல் வளர்ந்த ஒருவருக்கு 20 வயதில் கிடைத்த தம்பி என்று வைத்துக்கொண்டு கேட்டுப் பாருங்கள். வரிகள் எல்லாம் இடத்தில் உட்காரும்.

இந்த ஆல்பத்தில் ஒரு பாட்டைத்தான் கேட்க நேரம் இருக்கிறது என்றால், புகழ்பெற்ற ‘சம்ஒன் சேவ்ட்’ பாட்டை விட்டுவிட்டு இதையும் இதோடு ஒட்டிய ‘கர்டன்ஸ்’ பாட்டையும் கேட்கச் சொல்வோம்.

‘கர்டன்ஸ்’ பாட்டுல சோளக்கொல்லைப் பொம்மை எதுக்கு வருது?

பெர்னியும் எல்டனும் சேர்ந்து செய்த ஆரம்பகாலப் பாட்டுகளில் ஒன்றின் பெயர் ‘ஸ்கேர்க்ரோ’. 1967-இல் மாதிரிப் பதிவாகச் செய்தது. அப்போது ஆல்பம் எதிலும் வரவில்லை. கதையின் கடைசித் திரை இறங்கும்போது தங்கள் முதல் முயற்சிகளைப் பழைய நண்பர்களை நினைப்பது போல நினைத்துக்கொள்கிறார்கள். இறுதியில் சொல்லே இல்லாத ஒரு தாலாட்டுப் பல்லவி நீண்டு, மணியோசையும் டிரம்ஸும் சூழ மெல்ல மறைகிறது. சத்தத்தைக் கூட்டி வைத்து, முழுக்க மறையும் வரை நிறுத்தாமல் கேளுங்கள்.

வந்த முதல் வாரமே நம்பர் 1 ஆச்சுன்னு சொல்றாங்க. அதுல என்ன அதிசயம்?

இன்று அது வழக்கம். அன்று இல்லை. அப்போது அமெரிக்காவின் பில்போர்டு இதழ் வெளியிடும் விற்பனைப் பட்டியல் கடைகள் சொல்லும் தகவலை வைத்துத் தயாரானது. ஒரு ஆல்பம் கீழே நுழைந்து வாரக்கணக்கில் மேலே ஏறும். 1975 ஜூன் 7 தேதியிட்ட பட்டியலில் இது நேராக முதலிடத்தில் நுழைந்தது. அதற்கு முன் எந்த ஆல்பமும் அப்படி நுழைந்ததில்லை. மொத்தம் 7 வாரம் முதலிடத்தில் இருந்தது. பிரிட்டனில் 2-ஆம் இடம். அதே ஆண்டு பிற்பகுதியில் எல்டனின் ‘ராக் ஆஃப் தி வெஸ்டீஸ்’ அமெரிக்காவில் அதே சாதனையை மறுபடி செய்தது.

‘கேப்டன் ஃபென்டாஸ்டிக்’னு ஒரு பின்பால் மெஷின் இருக்கே, அது இந்த ஆல்பத்தோடதா?

பெயர் மட்டும் இதிலிருந்து. பாலி நிறுவனம் 1976-இல் கொண்டுவந்த அந்த மெஷினில் வரையப்பட்டிருக்கும் எல்டன், ‘டாமி’ படத்தில் பின்பால் ஆட்டக்காரராக வந்த எல்டன். அந்தப் படமும் 1975-இல்தான் வந்தது. அதனால் வந்த குழப்பம்.

ஆல்பம் வெளியாகும்போதே குழு கலைஞ்சு போச்சாமே?

ஆம். வெளியான சமயத்தில் டீ மர்ரியையும் நைஜல் ஓல்சனையும் எல்டன் குழுவிலிருந்து விலக்கிவிட்டார். 1975 ஜூன் 21 அன்று லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் இந்த ஆல்பத்தை முதலிலிருந்து கடைசி வரை மேடையேற்றியது புதிய குழு. பழையவர்களில் ஜான்ஸ்டனும் கூப்பரும் மட்டும் இருந்தார்கள். அன்று எல்டனுக்கு முன்பு மேடையேறியவர்கள் பீச் பாய்ஸ் என்ற அமெரிக்கக் குழுவினர். எல்லாருக்கும் தெரிந்த பாட்டுகளை அவர்கள் பாடி இறங்கிய பிறகு, வெளிவந்து ஏறக்குறைய ஒரு மாதமே ஆன பாட்டுகளை வரிசையாகக் கேட்கும் பொறுமை பலருக்கு இல்லை. கூட்டம் கலையத் தொடங்கியது. தேர்வு செய்த இடமும் நேரமும் தவறு, பாட்டுகள் தவறு அல்ல. அந்த நிகழ்ச்சியின் பதிவு 2005-இல் வந்த சிறப்புப் பதிப்பில் இருக்கிறது; கேட்டு நீங்களே முடிவு செய்யலாம்.

ஜான்ஸ்டன், மர்ரி, ஓல்சன் மூவரும் ஒரு முழு ஆல்பத்துக்கு எல்டனோடு மறுபடி கூடியது 1983-இல், ‘டூ லோ ஃபார் ஜீரோ’வில்.

பழைய எல்.பி. வாங்கப் போறேன். எதைப் பார்த்து வாங்கணும்?

முதலில் உறைக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். 1975 பதிப்போடு இரண்டு சிறு புத்தகங்களும் ஒரு போஸ்டரும் வந்தன. ஒரு புத்தகத்தில் வரிகள், மற்றதில் அந்தப் பழைய நாட்களின் படங்கள், செய்தித் துணுக்குகள், குறிப்புகள். விற்பவர் உறையும் தட்டும் நல்ல நிலையில் என்று மட்டும் சொன்னால், புத்தகங்கள் இரண்டும் இருக்கின்றனவா என்று தனியாகக் கேளுங்கள். வரிகள் கையில் இல்லாமல் இந்த ஆல்பம் பாதிதான். பிரிட்டிஷ் பதிப்பை வெளியிட்ட நிறுவனம் டி.ஜே.எம்., அமெரிக்கப் பதிப்பை வெளியிட்டது எம்.சி.ஏ. பழுப்பு நிறத் தட்டுகள் குறைந்த எண்ணிக்கையில் வந்தவை, விலை அதிகம்.

அடுத்து ஒலி. முதல் பக்கம் கிட்டத்தட்ட 26 நிமிடம், இரண்டாம் பக்கம் 21 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. எல்.பி.யில் ஒரு பக்கம் 20 நிமிடத்தைத் தாண்டத் தாண்டக் கோடுகளை நெருக்கி, சத்தத்தைக் குறைத்து வெட்ட வேண்டியிருக்கும். அதனால் முதல் பக்கம் சற்று மெலிந்து கேட்டால் தட்டு பழுது என்று பயப்பட வேண்டாம். ஆனால் இரண்டு பக்கத்திலும் நீளமான, கனமான பாட்டு கடைசியில், மையத்தை ஒட்டி இருக்கிறது. தேய்ந்த ஊசியால் ஓட்டப்பட்ட தட்டு அங்கேதான் காட்டிக்கொடுக்கும். ‘சம்ஒன் சேவ்ட்’ பாட்டின் இறுதியையும் ‘கர்டன்ஸ்’ பாட்டின் இறுதியையும் ஓடவிட்டு, ‘ஸ’ ஒலிகள் கரகரக்கின்றனவா என்று கேளுங்கள். இந்த இரண்டு இடமும் சுத்தமாக இருந்தால் தைரியமாக வாங்கலாம்.

வரிப் புத்தகத்துல ‘டாக்ஸ் இன் தி கிச்சன்’னு ஒரு பாட்டு இருக்கு. ரெக்கார்டுல இல்லையே?

அதற்கு எல்டன் மெட்டு போட்டு முடிக்கவில்லை. வரிகள் மட்டும் அச்சாகிவிட்டன. உங்கள் தட்டில் எதுவும் விடுபடவில்லை.

அட்டைப்படத்துல இருக்கிற விநோத உருவங்கள் என்ன?

வரைந்தவர் ஆலன் ஆல்ட்ரிஜ். ஹீரோனிமஸ் போஷ் என்ற பழைய நெதர்லாந்து ஓவியர் வரைந்த ‘உலக இன்பங்களின் தோட்டம்’ அவருக்குத் தூண்டுதல். எல்டன் பியானோமேல் உட்கார்ந்திருக்க, சுற்றிலும் பாதி விலங்கும் பாதி மனிதருமான பிறவிகள். ‘டவர் ஆஃப் பேபல்’ கேட்டுவிட்டுப் பார்த்தால் அவை யார் என்று தெரியும்.

சி.டி.யில 10 பாட்டுக்கு மேல இருக்கு. அதுவும் கதையில சேர்த்தியா?

சேர்த்தி இல்லை. 1995 பதிப்பில் ‘லூசி இன் தி ஸ்கை வித் டயமண்ட்ஸ்’, ‘ஒன் டே அட் எ டைம்’, ‘பிலடெல்பியா ஃப்ரீடம்’ ஆகியவை சேர்க்கப்பட்டன. முதல் இரண்டும் மற்றவர் எழுதிய பாட்டுகள். கதை ‘கர்டன்ஸ்’ பாட்டோடு முடிகிறது. அது மறைந்ததும் நிறுத்திவிட்டு, இவற்றை வேறொரு நாள் கேளுங்கள்.

இதுக்குத் தொடர்ச்சி உண்டா?

உண்டு. 2006-இல் வந்த ‘தி கேப்டன் அண்ட் தி கிட்’. 1970-இல் அமெரிக்கா வந்து இறங்கும் ‘போஸ்ட்கார்ட்ஸ் ஃப்ரம் ரிச்சர்ட் நிக்சன்’ பாட்டோடு தொடங்கி, 1975 ஆல்பம் சொல்லாமல் விட்ட புகழையும் அதன் விலையையும் சொல்கிறது. இதிலும் 10 பாட்டுகள்தான். குரல் கீழிறங்கியிருக்கிறது, பியானோ மாறவில்லை. 1975 ஆல்பத்தை இரண்டு மூன்று முறை கேட்டு முதல் பாட்டின் கிதார் மனதில் பதிந்த பிறகு இதை எடுங்கள். கடைசிப் பாட்டு தொடங்கும்போது அது திரும்ப வரும்.